வலது கைக்கான பலகை

இதைப் படித்துவிட்டு, நன்றாகக் கதை விடுகிறாள் என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் அத்தான், அக்கா வீட்டுக்காரர், இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. என் இடது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே தோல் உரிந்து ஆறிய தழும்பு இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

நான் பியானோ வாசிப்பவள். ஒன்பது வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தேன். ஒருநாள் பியானோவை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் மீன் தொட்டி வைத்தார்கள். பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. சாப்பிட வருகிறவர்கள் என்னைவிட மீன்களை அதிகம் ரசிப்பதாக மேனேஜர் சொல்லியனுப்பினார். அவர் வாயில் நல்ல வார்த்தை எப்போதுமே வந்ததில்லை.

அதற்குப் பிறகு அக்கா வீட்டு மாடியறைதான். என் பழைய பியானோவையும் அங்கேயே ஏற்றினோம். நாலு பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள். மற்ற நேரமெல்லாம் சும்மா. சும்மா இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. விரல்கள் மட்டும் மேஜை, கதவு, தட்டு என்று எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். “கொஞ்சம் கையை அடக்கேன்” என்று அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

அப்போதுதான் பெரிய நாடக அரங்கில் பியானோவுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. நிரந்தர வேலை. என் வயதில் அப்படி ஒன்று இன்னொரு தடவை வராது. விழுந்தடித்துக்கொண்டு போனேன். அரங்கின் இசைக்குழுத் தலைவரைக் குச்சிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தாளம் காட்டும் குச்சி இல்லாமல் அவர் கையை யாரும் பார்த்ததில்லை. தேர்வுக்கு அவரே எழுதிய மெட்டு ஒன்றைக் கொடுத்தார்.

அதைப் பார்த்ததும் என் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன். என் கை சின்னக் கை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை முழுக்க விரித்தால் பியானோவின் எட்டு வெள்ளைக் கட்டைகள் எட்டும். அதற்கு மேல் ஒரு நூல் நகராது. அந்த மெட்டிலோ இடது கை பத்துக் கட்டை விரிய வேண்டும். இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். எங்கோ ஓரிடத்தில் இல்லை, தொடக்கம் முதல் முடிவு வரை. கை எட்டாதவர்கள் ஒன்றை முதலில் தட்டி, அடுத்ததை உடனே தட்டிச் சமாளிப்பதுண்டு. நானும் அப்படிச் சமாளித்தேன். குச்சிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டும் ஒண்ணா விழணும்மா. அடுத்த சனிக்கிழமை வாங்க. அப்பவும் விழலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

ஒரு வாரத்தில் யாருக்குக் கை வளரும்?

வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். எந்நேரமும் கையில் பசை ஒட்டியிருப்பதால் அவருக்குப் பிசின் என்று பெயர். அவர் கடையில் போய் உட்கார்ந்து புலம்பித் தீர்த்தேன். உடைந்த வயலின் ஒன்றுக்குக் கட்டுப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். இறக்கியதும், ஏன் இறக்கினோம் என்று யோசிப்பவரைப்போல அதன் மூடியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு பலகை. எழுதுகிற சிலேட்டைவிடச் சற்றுப் பெரியது. மணிக்கட்டைக் கட்ட ஒரு தோல் வார். விரல்களுக்கு நடுவே நிற்கும்படி நான்கு மர ஆப்புகள், கம்பளித் துணி சுற்றியவை. பக்கவாட்டில் ஒரு பித்தளைத் திருகு. அதைத் திருப்பினால் டிக்கென்று சத்தம் வரும், ஆப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகும், விரல்களும் விரியும். ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், அவற்றைக் காட்ட ஒரு முள். சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதைத் தூக்கினால் எல்லாம் தளர்ந்து முள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

விரல் நீள வேண்டும், விரிய வேண்டும் என்று வாசிப்பவர்கள் இப்படி ஸ்பிரிங், கயிறு, கப்பி என்று எதையெதையோ மாட்டிக்கொண்டு பாடுபட்டிருக்கிறார்கள். அதில் பலர் கையைக் கெடுத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

“இது வலது கைக்கு,” என்றார் பிசின். “வார் அறுந்துபோச்சுன்னு ஒரு அம்மா ஆள்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. தைச்சு வெச்சேன். வாங்க வரவே இல்லை. ஆறு வருஷம் ஆச்சு.”

எனக்கு வேண்டியது இடது கை. ஆனால் இதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தடையா? இடது கையை மல்லாத்தி, உள்ளங்கை மேலே பார்க்க, பலகையில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் கட்டைவிரலின் இடத்தில் உட்கார்ந்தது. சுண்டுவிரல் சுண்டுவிரலின் இடத்தில். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. பிசின் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அப்படி மல்லாத்தி வைப்பது பார்க்க நன்றாயில்லை என்றார். ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் இரவு. சாப்பிட்டதும் மேலே வந்து, பியானோவின் மூடிமேல் பலகையை வைத்து, முக்காலியில் உட்கார்ந்தேன். வாரைக் கட்டினேன். டிக்... டிக்... டிக். மூன்றாம் எண்ணில் நிறுத்தினேன். இதமான வலி. கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு, முள் பழைய இடத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் முள் நான்கில் நின்றது.

அத்தான்தான் விளையாடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் எதையும் சும்மா விட மாட்டார். கேட்டதற்கு, தான் மாடிக்கே வரவில்லை என்றார். “கழுத்தை நீட்டறதுக்கு ஒண்ணு கிடைச்சா சொல்லு. பக்கத்து சீட்டுக்காரன் என்ன பண்றான்னு எட்டிப் பார்க்கலாம்” என்று கிண்டல் வேறு.

மூன்றாம் நாள் நான் ஒன்பது கட்டைகளை எட்டிப் பிடித்தேன். நம்ப முடியாமல் எழுந்து அறையைச் சுற்றி வந்து, மறுபடி உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். ஒன்பதேதான். சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அதில் என்ன பெருமை என்று புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாள்.

அதனால்தான் மறுநாள் கண்ணில் பட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தின இரவு வாரை அவிழ்த்துத் தொங்க விட்டிருந்தேன். காலையில் அது கட்டியிருந்தது. சும்மா மாட்டியிருக்கவில்லை, இறுக்கிக் கட்டியிருந்தது. நான் கட்டும் துளை மூன்றாவது. இது கடைசித் துளையில் இருந்தது. அந்த வளையத்துக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. என்னைவிட மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்குத்தான் அது சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் என்னைவிட மெலிந்தவர்கள் யாரும் இல்லை.

ஆப்புகளைத் தொட்டேன். கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று ஆப்புகள் மட்டும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இருந்த ஆப்பு சில்லென்று இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் சாயங்காலம்தான் வெயில் விழும்.

புதன்கிழமை காலை அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் என்ன தட்டல் என்று கேட்டாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை.

“பியானோ மூடியில தட்டிட்டே இருந்தே. மூணு தட்டு, கொஞ்சம் கேப் விட்டு ஒரு தட்டு. மணிக்கணக்கா. ஒண்ணு ஒழுங்கா வாசி, இல்லை தூங்கு.”

அவள் சாப்பாட்டு மேஜையில் தட்டிக் காட்டினாள். டொக், டொக், டொக்... டொக்.

அக்காவுக்கு அது வெறும் தட்டல். எனக்கு அது என்னவென்று தெரியும். பியானோ கற்கும் எல்லோரும் முதலில் செய்யும் ஐந்து விரல் பயிற்சி அது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று வரிசையாக விழ வேண்டும்.

மோதிர விரல் விழவில்லை.

அன்றைக்கே பெட்டியைப் பிசினிடம் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கே நின்று, பெட்டியின்மேல் இடது கையை விரித்துப் பார்த்தேன். பத்துக் கட்டைக்கு இன்னும் அரை விரல் அகலம்தான் பாக்கி. திரும்பி வந்துவிட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் தேர்வு.

மணி பதினொன்று பத்து. கீழே அத்தானின் குறட்டை கேட்டது. அது கேட்டது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. விளக்கை அணைத்தேன். இருட்டில் வலி குறைவாகத் தெரியும் என்பது என் எண்ணம். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கின் வெளிச்சம் பியானோ மூடிமேல் விழுந்திருந்தது. என் உள்ளங்கை நன்றாகவே தெரிந்தது.

டிக்... டிக்... என்று ஒவ்வொன்றாகத் திருகினேன். எட்டு வரை ஏற்றினேன். அதுவரை ஏழைத் தாண்டியதில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஒன்பது. கண்ணில் தண்ணீர் வந்தது. போதும் என்று திருகிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டிக்.

நான் தொடவில்லை.

முள் பத்தில் நின்றது.

தாழ்ப்பாளைத் தூக்கப் போனேன். அப்போதுதான் அது வந்தது. என் உள்ளங்கைமேல் ஏதோ பாரம். மெதுவாக... மிக மெதுவாக இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரல்மேல் ஒரு விரல். ஆள்காட்டி விரல்மேல் ஒரு விரல். நடுவிரல்மேல் ஒன்று.

ஒரு கை. என் கைமேல் கவிழ்ந்து படுத்த கை.

மோதிர விரல்மேலும் ஒன்று இருந்தது. அது மட்டும் சில்லென்று, கட்டையாக.

பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை. ஆனால் என் உள்ளங்கைச் சதை குழிந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. யாரோ அழுத்தினால் குழியுமே, அப்படி.

அது வலது கை. அந்தப் பலகையே வலது கைக்குத்தான். அதன் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்தான் அடியில் மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கையின் விரல்களும் என் விரல்கள் பார்த்த பக்கமே பார்த்தன. அப்படியானால் அந்தக் கைக்கு உரியவர் எனக்கு எதிரே இல்லை. பக்கத்திலும் இல்லை.

என் முக்காலியில்... நான் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில்...

முக்காலி கிறீச்சென்றது.

நான் அசையவே இல்லை.

டிக். பதினொன்று.

கீழே குறட்டை நின்றிருந்தது.

கத்த வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கையை இழுத்தேன். வார் படாரென்று அறுந்தது. சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்தது. முக்காலியோடு பின்னால் விழுந்தேன்.

விழுந்தபடியே கேட்டேன்.

டிக்.

பிறகு பியானோ மூடிமேல்... டொக், டொக், டொக்...

கடைசித் தட்டு வரவில்லை.

விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்காவை எழுப்பவில்லை. எழுப்பினால் தேர்வுக்குப் போக விட மாட்டாள். வெளிச்சம் வந்ததும் ஒரு துண்டைப் போட்டுப் பலகையைச் சுற்றினேன். முள் பன்னிரண்டில் இருந்தது, ஆப்புகள் கடைசி எல்லை வரை விரிந்து நின்றன. தாழ்ப்பாளைத் தொடும் தைரியம் எனக்கு இல்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அரங்குக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலம் வரும். நடுப்பாலத்தில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தூக்கிப் போட்டேன். மரம்தானே, மிதக்கும் என்று நினைத்தேன். கல்லைப்போல மூழ்கியது.

தேர்வில் என் கை பத்துக் கட்டைகளை எட்டியது. விரலில் கட்டுப் போட்டிருந்தும் எட்டியது. இரண்டு சுரங்களும் ஒன்றாக விழுந்தன. குச்சிக்காரர் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. திங்கள்கிழமையிலிருந்து வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பிசினின் கடைக்குப் போனேன். பலகை தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்த அம்மா ஆறு வருடத்துக்குப் பிறகு போன வாரம்தான் போன் செய்தாராம். பலகை இப்போது யாரிடம் இருக்கிறது, அவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். பிசின் அந்த அம்மாவின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

செத்துப்போன யாருடையதோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உரியவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் எனக்கு மனசு லேசானது. அப்படியானால் நான் பார்த்தது பேயும் இல்லை, ஒன்றும் இல்லை, வலியிலும் பயத்திலும் ஏதோ குழம்பியிருக்கிறேன். இப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. காதில் போன் மாட்டியிருந்தாள். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குப் புகார் கேட்கும் வேலையாம். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள், இடது கையை. வலது பக்கம் சட்டைக் கையின் நுனி மடித்துத் தைத்திருந்தது. அதற்குள் கை இல்லை.

கேட்காமலேயே சொன்னாள். மேடையில் பியானோ வாசித்தவளாம். மோதிர விரல் மட்டும் தனியாக எழும்பவில்லை என்று பலகையில் மாட்டிப் பார்த்தாளாம், போதவில்லையாம். விரல்களுக்கு நடுவில் ஒரு நார் இருக்கிறது, அதை வெட்டிவிட்டால் விரல் சுதந்திரமாகிவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி வெட்டிக்கொண்டாளாம். விரல் மரத்துப் போனது. பிறகு சீழ் பிடித்தது. கடைசியில் மணிக்கட்டோடு கையையே எடுத்துவிட்டார்கள்.

“எடுத்த கை வலிக்கும்னு சொல்வாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா? எனக்கு ஆறு வருஷமா வலிக்குது. போன மாசம் ஒரு வாரம் மட்டும் வலிக்கலை. யாரோ அடியில கையை வெச்சுத் தாங்கின மாதிரி இருந்தது. விரலுக்கு விரல். நீங்கதானே அது?”

நான் தலையை ஆட்டினேன்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி கையை உருவிக்கிட்டீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான் தப்பா நினைக்கலை. பயந்திருப்பீங்க. ஆனா திருகைத் தளர்த்தாம விட்டுட்டீங்க. பன்னெண்டுல நிக்குது. ராவும் பகலும் விரல் கிழியற மாதிரி இருக்கு. தூங்கி எத்தனையோ நாள் ஆச்சு. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் தூக்கி விட்டுடுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

தூக்கிவிடுகிறேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எழுந்து கதவுப் பக்கம் வந்துவிட்டேன். ஆற்றில் போட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. பிசினிடமும் சொல்லவில்லை.

அவள் என் பின்னாலேயே வந்தாள். எதையோ உதறுவதுபோல அந்தத் தைத்த சட்டைக் கையை மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தாள்.

“எங்க வெச்சிருக்கீங்க அதை? ரொம்பக் குளிருது. ரெண்டு நாளா சுண்டுவிரல் நுனியில ஏதோ வந்து வந்து கொத்துது... மீனா இருக்குமா?”